எழுதியவரா, செய்தவரா, சோதித்தவரா?

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், “ஸ்டோரி இன்னும் முடியலைம்மா, இந்த வாரம் ஊருக்கு வர முடியாது” என்று போனில் சொன்னால், சேலத்திலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் தாய்க்கு என்ன தோன்றும்? பையன் யாருக்கும் தெரியாமல் சினிமாவுக்குக் கதை எழுதுகிறானோ என்றுதான் தோன்றும்.

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. சாப்ட்வேர் கம்பெனிகளில் ‘ஸ்டோரி’ என்றால் செய்து முடிக்க வேண்டிய ஒரு சிறு வேலையின் விவரம். இன்னார் இன்ன காரியத்தைச் செய்ய விரும்புகிறார், இன்ன பலனுக்காக விரும்புகிறார் என்று இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைப்பார்கள். முன்பு அதைக் கையகல அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். இப்போது கம்ப்யூட்டர் திரையிலேயே அட்டை இருக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் புரோகிராம் எழுதுகிறார். இன்னொருவர் அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார். பிறகு அது வாடிக்கையாளர் கைக்குப் போகிறது.

போன பிறகு பிழை தெரிந்தால்? அட்டையை எழுதியவர் பொறுப்பா, புரோகிராம் செய்தவர் பொறுப்பா, சோதித்தவர் பொறுப்பா? ஒயிட்பீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இந்தக் கேள்வி எழாத வாரம் கிடையாது. பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே இந்த விவகாரத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தோம்.

எட்டாவது வரி

ஸ்ரீராமபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். தந்தை ஓய்வு பெற்ற மில் தொழிலாளி. மகள் ஒரு கம்பெனியில் டெஸ்டர், அதாவது சோதிப்பவர். தன் பெயரோ கம்பெனியின் பெயரோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கடன் வாங்கியவர்கள் செல்போனிலேயே தவணை கட்டும் வசதியை அவருடைய குழு செய்து வந்தது. இரண்டு மூன்று தவணைகளைச் சேர்த்துக் கட்டலாம் என்பது புதிய ஸ்டோரி. அட்டையில் ஏழு நிபந்தனைகள் இருந்தன. ஏழையும் அந்தப் பெண் சோதித்தார். ஏழும் சரியாக இருந்தன. வசதி வெளியே போயிற்று.

பத்து நாள் கழித்துப் புகார் வந்தது. பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் நேரத்தில் சிக்னல் போய்விட்டால், ஜனங்கள் என்ன செய்வார்கள்? மறுபடி அழுத்துவார்கள். அப்படி அழுத்தியவர்களுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டிருந்தது! மாதச் சம்பளத்தில் தவணை கட்டுகிறவனுக்கு இரட்டிப்புப் பணம் போனால் அந்த மாதம் அரிசிக்கு எங்கே போவது?

கூட்டம் போட்டார்கள். புரோகிராம் எழுதியவர், அட்டையில் உள்ளபடி செய்திருக்கிறேன் என்றார். அட்டையை எழுதியவர், இதெல்லாம் பொது அறிவு, தனியாக எழுத வேண்டுமா என்றார். எல்லார் பார்வையும் கடைசியில் இந்தப் பெண் மேல் வந்து நின்றது. வருடாந்தர மதிப்பீட்டில் அது ஒரு குறையாக ஏறியது. சம்பள உயர்வு குறைந்தது.

“அண்ணா, கார்டுல இருந்த ஏழு வரியையும் நான் பாத்தேன். எட்டாவது வரி ஒண்ணு இருக்கணும்னு யார் சொல்லியிருக்கணும்? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க” என்றார் அவர்.

நியாயமான கேள்வி. ஆனால் பதில் ஒரே வார்த்தையில் வருவதில்லை.

அன்று கையெழுத்து, இன்று பேச்சு

முன்பெல்லாம் இந்தத் தகராறு இவ்வளவு இல்லை. என்ன வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் முதலில் எழுதுவார்கள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார். பிறகு வடிவமைப்பு, பிறகு புரோகிராம், கடைசியில் சோதனை. ஒரு செக்ஷனிலிருந்து அடுத்த செக்ஷனுக்குப் பைல் போவதுபோல வேலை இறங்கி வரும். அருவி மேலிருந்து கீழே விழுவதுபோல என்பதால் இதற்கு ‘வாட்டர்பால்’ என்றே பெயர் வந்துவிட்டது. 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் இந்த வரிசையைப் படம் போட்டுக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், இதை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று அதே கட்டுரையில் அவர் எச்சரித்தும் இருந்தார். படத்தை எடுத்துக்கொண்ட உலகம் எச்சரிக்கையை விட்டுவிட்டது!

அந்த முறையில் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது சுலபம். பைலைப் புரட்டினால் கையெழுத்து இருக்கும். ஆனால் எல்லாம் முடிந்து பொருள் கைக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். கேட்டவருக்கே வேறு பொருள் தேவைப்பட்டிருக்கும்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை வாசஸ்தலத்தில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ‘அஜைல்’ முறையின் பிரகடனம் அதுதான். கத்தை கத்தையான ஆவணத்தைவிட ஓடுகின்ற சாப்ட்வேர் முக்கியம், விதிமுறைகளைவிட மனிதர்கள் கலந்து பேசுவது முக்கியம் என்பது அதன் சாரம். ஆவணமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அதற்கும் மதிப்பு உண்டு என்றுதான் சொன்னார்கள். நம் ஊர் மானேஜர்கள் சிலர் இதையும் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெப்ரிஸ் என்பவர், ஸ்டோரிக்கு மூன்று அங்கங்கள் என்று அதே 2001-ல் எழுதினார். ஒன்று அட்டை. இரண்டாவது அதைப் பற்றிய பேச்சு. மூன்றாவது, வேலை முடிந்தது என்பதை உறுதி செய்யும் சோதனை. ஆக, அட்டை சுருக்கமாக இருப்பது குற்றமல்ல. அது பேச்சை நினைவூட்டும் சீட்டு மாத்திரமே. பேச்சு நடக்காமல் சீட்டு மட்டும் கை மாறினால்தான் வில்லங்கம். ஸ்ரீராமபுரத்துப் பெண்ணின் குழுவில் அந்தப் பேச்சு ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை.

பன்னிரண்டு வயதுப் பையன்

நமக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே பார்ப்போம். ரயில் டிக்கெட் விற்கும் சாப்ட்வேரை ஒரு குழு செய்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அட்டையில் இப்படி இருக்கிறது: “5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்.” 2016 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதிதான். படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது.

சோதிப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் முதலில் என்ன பார்ப்பார்? 8 வயதுக் குழந்தையை அல்ல. 4, 5, 11, 12 ஆகிய வயதுகளைத்தான் பார்ப்பார். தப்பு எப்போதும் எல்லைக் கோட்டில்தான் உட்கார்ந்திருக்கும். சரியாக 12 வயது நிரம்பியவன் உள்ளேயா, வெளியேயா? “12 வயதுக்குள்” என்ற சொல்லை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் புரிந்துகொண்டு புரோகிராம் எழுதலாம்.

அடுத்த கேள்வி இன்னும் சங்கடமானது. இப்போது 60 நாட்களுக்கு முன்பிருந்து முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாட்களாக இருந்தது. டிக்கெட் எடுக்கும் அன்று பையனுக்கு 11 வயது, பயணம் செய்யும் அன்று 12 ஆகிவிட்டால்? எந்தத் தேதியைக் கொண்டு கணக்கிடுவது? டிக்கெட்டை எடுத்துவிட்டு, பிறகு தனிப் படுக்கை வேண்டும் என்று கேட்டால்?

கவுண்ட்டரில் இருக்கும் குமாஸ்தாவுக்கு இதற்கெல்லாம் சுற்றறிக்கை உண்டு. சந்தேகம் வந்தால் சூப்பர்வைசரைக் கேட்பார். கம்ப்யூட்டருக்குக் கேட்கத் தெரியாது. புரோகிராம் எழுதுகிறவர் தம் மனதுக்குத் தோன்றியதை அங்கே வைத்துவிடுவார். அதாவது, கட்டண விதியை ரயில்வே போர்டு தீர்மானிக்காமல், மாரத்தஹள்ளியில் உட்கார்ந்திருக்கும் 24 வயது இளைஞர் தீர்மானித்துவிடுகிறார்! அவர் பேரில் தப்பில்லை. தீர்மானிக்க வேண்டியவரிடம் யாரும் கேள்வியைக் கொண்டு போகவில்லை என்பதே தப்பு.

இதற்காகவே நல்ல குழுக்களில், வேலை தொடங்கும் முன் மூன்று பேர் உட்காருகிறார்கள். தேவையைச் சொல்பவர், செய்பவர், சோதிப்பவர். ‘மூன்று தோழர்கள்’ என்று இந்தக் கூட்டத்துக்கு வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். “இன்ன நிலைமை இருக்கும்போது, இன்னது செய்தால், இன்னது நடக்க வேண்டும்” என்ற அச்சில் உதாரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். சோதிப்பவர் குதர்க்கமாகக் கேட்பார். செய்பவர் இது முடியும், இது இரண்டு நாளில் முடியாது என்பார். தேவையைச் சொல்பவர் முடிவு சொல்வார். அரை மணி நேர வேலை. அந்த அரை மணியை மிச்சம் பிடிக்கிறவர்கள் பின்னால் பத்து நாள் கொடுக்கிறார்கள்.

இரண்டு விண்கலங்கள்

எழுதியவர் தப்பு, செய்தவர் தப்பு என்று இரண்டு விதமும் உண்டு என்பதற்கு உலகறிந்த உதாரணங்கள் இருக்கின்றன. இரண்டும் அஜைல் முறையில் செய்தவை அல்ல. ஆனால் பாடம் அதேதான்.

1996 ஜூன் 4-ந் தேதி ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிஷம் ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. பழைய ஏரியான் 4 ராக்கெட்டுக்கு எழுதிய புரோகிராமை அப்படியே இதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். ஓர் எண், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. விசாரணைக் குழு என்ன கண்டது தெரியுமா? புதிய ராக்கெட் எந்தப் பாதையில் போகும் என்ற விவரம் அந்தக் கருவியின் தேவைப் பட்டியலிலேயே சேர்க்கப்படவில்லை. எழுதியபடி செய்தார்கள், எழுதியபடி சோதித்தார்கள். எழுதியதில்தான் குறை.

1999 செப்டம்பர் 23-ந் தேதி அமெரிக்காவின் செவ்வாய்க் கிரக விண்கலம் ஒன்று, கிரகத்தை நெருங்கும்போது காணாமல் போயிற்று. இங்கே எழுத்தில் குறை இல்லை. உந்து விசையை நியூட்டன் அளவில் தர வேண்டும் என்று ஆவணம் தெளிவாகவே சொன்னது. தரைக் கட்டுப்பாட்டுக்கான புரோகிராம் பவுண்டு அளவில் தந்துவிட்டது. அதைச் சரிபார்க்கவும் இல்லை. இதைவிட வருந்த வேண்டிய விஷயம் இன்னொன்று. விண்கலத்தின் பாதை ஒத்துவரவில்லை என்ற சந்தேகம் அங்கே சிலருக்கு முன்கூட்டியே இருந்தது. ஆனால் முறைப்படி அதைப் பதிவு செய்து மேலே அனுப்பவில்லை. நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், வாயால் சொன்னார்கள், நோட் போடவில்லை.

பிரைவேட் நம்பர்

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இதைக் கேட்டதும் ஸ்டேஷன் மாஸ்டர்களின் பிரைவேட் நம்பர்தான் நினைவுக்கு வந்தது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை அனுப்பும்போது, லைன் காலி என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. அச்சடித்த தாளில் உள்ள ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள். பேச்சு நடந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

பாதையில் வேலை நடந்தால் எச்சரிக்கை உத்தரவு கொடுப்பார்கள். இத்தனாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனாவது கிலோமீட்டர் வரை இவ்வளவு வேகம் என்று நிர்ணயிப்பது என்ஜினீயரிங் பிரிவு. எழுதிக் கொடுப்பது ஸ்டேஷன் மாஸ்டர். வாங்கிக் கையெழுத்துப் போட்டு நடப்பது டிரைவர். வண்டியின் பின்னால் இருக்கும் கார்டுக்கும் ஒரு பிரதி உண்டு. (2022 முதல் அவருக்கு டிரெயின் மானேஜர் என்று பெயர். சாப்ட்வேர் பிள்ளைகளிடம் ‘கார்டு’ என்று பேசும்போது எனக்கு அவர்தான் கண்ணில் வருகிறார்.) ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆள் பொறுப்பு. அதற்காக, தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடப்பதைப் பார்க்கும் கலாசி, இது என் வேலையல்ல என்று போக முடியாது. ஆபத்தைப் பார்க்கும் எந்த ஊழியரும் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பது விதி.

அஜைல் குழுக்களும் இதைத்தான் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலும் வழங்கும் ‘ஸ்க்ரம்’ முறைக்கு ஒரு கையேடு உண்டு. 2010-ல் முதலில் வந்தது, 2020-ல் கடைசியாகத் திருத்தப்பட்டது. அதன்படி என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ‘புராடக்ட் ஓனர்’. அவர் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும், கமிட்டியாக இருக்கக் கூடாது. அட்டையை வேறு யாரைக் கொண்டும் அவர் எழுத வைக்கலாம். ஆனால் பொறுப்பு அவரை விட்டுப் போகாது.

தரம்? அது செய்பவர்களின் பொறுப்பு. டெஸ்டர் என்று தனி ஜாதியை அந்தக் கையேடு பிரிக்கவே இல்லை. புரோகிராம் எழுதுகிறவரும் சோதிப்பவரும் அதன் கணக்கில் ஒன்றுதான். வேலை ‘முடிந்தது’ என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு ஒரு வரையறை எழுதி வைத்து, அதை எட்டாத எதையும் வெளியே விடக் கூடாது. சிக்னல் போனால், பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால், காலியாக விட்டால் என்ன ஆகும் என்பது போன்ற, எல்லா ஸ்டோரிக்கும் பொதுவான சோதனைகள் இருக்க வேண்டிய இடம் அதுவே. ஒவ்வொரு அட்டையிலும் அவற்றைத் திருப்பித் திருப்பி எழுத வேண்டியதில்லை. அந்தப் பெண் கேட்ட எட்டாவது வரியின் இருப்பிடமும் அதுதான்!

கடைசியில் சோதித்துத் தரத்தைக் கொண்டுவர முடியாது, செய்யும்போதே அது சேர வேண்டும் என்று எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்க நிபுணர் தொழிற்சாலைகளுக்குச் சொன்னார். 1950-ல் ஜப்பானியர்கள் அவரை அழைத்துப் பாடம் கேட்டார்கள். நமக்குப் பக்கத்தில் பிடதியில் கார் தொழிற்சாலை வைத்திருக்கும் டொயோட்டா கம்பெனி, தன் ஜப்பான் தொழிற்சாலைகளில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டுப் பெயர் வாங்கியது. குறையைப் பார்க்கும் சாதாரணத் தொழிலாளி அதை இழுக்கலாம். உடனே சரி செய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். சாப்ட்வேர் கம்பெனிகளில் நாம் விசாரித்த டெஸ்டர்கள் நான்கு பேரில் மூன்று பேர், தங்கள் கையில் அப்படி ஒரு கயிறு இல்லை என்றார்கள். குறையை எழுதலாம், வெளியிடுவதை நிறுத்த முடியாது. நிறுத்தும் அதிகாரம் இல்லாதவர் மேல் விட்டதற்கான பழியை மட்டும் போடுவது என்ன நியாயம் என்று புரியவில்லை.

ராத்திரி ஒன்பதரை

பெங்களூருக்கென்று இன்னொரு கஷ்டம் இருக்கிறது. புராடக்ட் ஓனர் பல கம்பெனிகளில் அமெரிக்காவில் இருக்கிறார். இங்கே இரவு 9.30 மணி என்றால் கலிபோர்னியாவில், அவர்கள் கோடைக்காலத்தில், காலை 9 மணி. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு சின்னச் சந்தேகத்தைத் திங்கட்கிழமை காலையில் இங்கே எழுப்பினால், பதில் வர இரவாகும். அந்தப் பதிலில் ஒரு சந்தேகம் இருந்தால் செவ்வாய் இரவு. இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையில் இப்படி நான்கு நாள் போனால், மிச்சத்தை ஊகித்து முடிக்கத்தான் தோன்றும்.

இதற்காக இங்கேயே ஒருவரைப் பிரதிநிதியாக வைக்கிறார்கள். அவருக்குக் கேள்விகளை வாங்கும் வேலை உண்டு, முடிவு சொல்லும் அதிகாரம் பல இடங்களில் இல்லை. தபால் பெட்டிக்கு ஒப்பிட்டார் ஓர் இளைஞர். ஓசூரிலிருந்து தினமும் வந்து போகிறவர் அவர். இரவு அழைப்பு உள்ள நாட்களில் நண்பர் அறையிலேயே படுத்துவிடுகிறார். வாரத்தில் இரண்டு நாள் குழந்தை முகத்தைப் பார்ப்பதில்லை என்றார்.

அவருடைய குழுவில் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ‘கேட்டது, சொன்னது’ என்று ஒரு பகுதி. யார் கேட்டார், என்ன கேட்டார், யார், எந்தத் தேதியில் பதில் சொன்னார் என்பதை அங்கே எழுத வேண்டும். பதில் வராத கேள்வி ஒன்று இருந்தாலும் அந்த அட்டையை வேலைக்கு எடுப்பதில்லை. முதல் மாதம் மேலிடத்தில் முகம் சுளித்தார்களாம். இரவு அழைப்புகள் வாரம் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட நம் பிரைவேட் நம்பர் மாதிரிதான்.

ஸ்ரீராமபுரத்துப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, தன் குழுவில் யாரும் சொல்லாமலே தான் இப்போது அப்படித்தான் செய்வதாகக் கூறினார். அட்டை கைக்கு வந்ததும் தன் சந்தேகங்களை அதிலேயே எழுதி, புராடக்ட் ஓனரின் பெயரைச் சேர்த்துவிடுகிறார். மதிப்பீட்டில் ஏறிய குறையை நீக்கும்படி மனுவும் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அந்த எந்திரம் நாலு வார்த்தை சொன்னால் அட்டையை எழுதிவிடுகிறது, புரோகிராமையும் எழுதிவிடுகிறது, அதற்கான சோதனையையும் எழுதிவிடுகிறது. அப்படியானால் டெஸ்டர் எதற்கு என்று சில கம்பெனிகள் கணக்குப் போடத் தொடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இருக்கும் பயம் இதுதான். ஏழு வரியை எழுதிய எந்திரமே அந்த ஏழு வரியை வைத்துச் சோதனையும் செய்தால், எட்டாவது வரியைக் கேட்பது யார் என்று ஓசூர் இளைஞரிடம் வினவினேன்.

“அதைத்தான் சார், போன வாரம் நான் கார்டுல கேள்வியா எழுதிப் போட்டிருக்கேன். கலிபோர்னியாவுல இருந்து இன்னும் பதில் வரலை” என்றார் அவர். மணி ஒன்பதே கால் ஆகியிருந்தது. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.